பெயர் வாசித்த பூசை

அத்தியாயம் 17

சாமியிடம் சொல்வது யாரிடமாவது சொல்வதாகுமா?

மாலதியின் கட்சி இதுதான். சில வாரங்களாக அவள் இந்தக் கட்சியை விட்டு இம்மியும் நகரவில்லை. மகளிடம் எடுத்துச் சொல்லலாம் என்றால், மகள் போனை எடுப்பதில்லை. ஆகவே காய் நறுக்கும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் எழுந்து போய்விட்டால் கத்தரிக்காயிடம் சொன்னாள்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நடந்தது தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி. கடலூர் மாலதிக்கும் அன்பரசுக்கும் ஒரே மகள் இசைவாணி. சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அவள் கணவன் ஜெயப்பிரகாஷுக்கு தோகாவில் வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளுக்கு, நாள் நெருங்கிய நேரத்தில் குழந்தை வயிற்றிலேயே அடங்கிவிட்டது.

பெண் குழந்தை. பார்த்தால் மறக்கமாட்டாள் என்று பெரியவர்கள் பெற்றவளுக்கு அதன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. அன்பரசுதான் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய், கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தை. அதனால் கோயில் மணி அடிக்கவில்லை. பூசை இல்லை, சிலுவை இல்லை, பழைய வழக்கப்படி மதில் சுவரோரம் ஒரு குழி. இப்போதிருக்கும் ஃபாதர் அப்படியெல்லாம் பார்ப்பவர் இல்லை. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்து ஜெபித்திருப்பார். ஆனால் அன்பரசுவின் பங்காளிகள் "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்கள். கூப்பிட வேண்டியவர்கள் கூப்பிடாமல் இருந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், மாலதி மகளுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இசைவாணி மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பாவுக்கு நான் அமுதினின்னு பேரு வெச்சிருந்தேன்மா. யாருகிட்டயும் சொல்லாத. ஜெயப்பிரகாஷ்கிட்டகூட நான் சொல்லல."

மாலதி யாரிடமும் சொல்லவில்லை. சாமியிடம் மட்டும் சொன்னாள். முப்பதாம் நாள் பூசைக்குக் கருத்து கொடுத்தாள். கத்தோலிக்கக் கோயில் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: யாருக்காகப் பூசை வைக்கிறோமோ அவர் பெயரை, பூசை தொடங்கும்போது எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார்கள்.

'அமுதினி என்னும் பச்சிளம் குழந்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மாலதி குடும்பத்தார்' என்று மைக்கில் வந்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இசைவாணி உட்கார்ந்திருந்தாள்.

பூசை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி, "அழகான பேரும்மா, எங்க வூட்டு மருமவளுக்குப் பொறந்தா வெக்கலாம்னு இருக்கேன்" என்றாள். இசைவாணி கையை விடுவித்துக்கொண்டாள். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள்.

அவளிடம் அந்தக் குழந்தையினுடையது என்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் ஊர் பங்கு போட்டுக்கொண்டது.

இன்று கல்லறைத் திருநாள். கடலூரில் வானம் மூட்டமாக இருந்தது. ஆனால் மழை இன்னும் இறங்கவில்லை. வருடா வருடம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், அன்பரசுவின் அப்பா அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்கள்.

"நான் இன்னிக்கி கல்லறைக்கு வரலங்க. நீங்க மட்டும் போங்க" என்றாள் மாலதி.

அன்பரசு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பத்தின் மேலேயே பாதி வாழ்க்கை போனதாலோ என்னவோ, தரையில் இருக்கும்போதும் பேச்சு குறைவு.

"எங்க போற?"

"சிதம்பரத்துக்கு. போன எடுக்கலன்னா நேர்ல போயி நிக்கறேன். கதவத் தொறக்காம என்னா பண்ணிடுவா?"

"தொறக்கலன்னா?"

"வாசல்ல உக்காந்து ஜெபமாலை சொல்லுவேன். சத்தமா சொன்னேன்னா தெருவே தொறக்கும்."

அவர் குச்சியால் வாளியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். மாலதிக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களாவது வாயத் தொறந்து சொல்லுங்களேன். நான் செஞ்சது தப்பா?"

"பேர நீ சொல்லியிருக்க வேணாம்."

"பேரு சொல்லாம பூசை எப்படிங்க வெக்கிறது? யாருக்குன்னு ஆண்டவரு தேடுவாரா? ஞானஸ்நானமும் இல்ல, மணியும் இல்ல. பேரும் இல்லன்னா அந்தக் கொழந்த அங்க போயி என்னான்னு சொல்லி நிக்கும்?"

அன்பரசு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் மாட்டப் போய்விட்டார்.

இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியதற்கே தனக்கு மோட்சத்தில் இடம் உண்டு என்று மாலதி நினைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பூண்டுக் குழம்பு வைத்த தூக்கு. ஆலப்பாக்கம் தாண்டும்வரை, மகள் கதவைத் திறந்ததும் என்ன சொல்வது என்று கோர்வையாக யோசித்துக்கொண்டு வந்தாள்.

சொல்லில் மாலதியை யாரும் மிஞ்ச முடியாது. தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் ஜெபிக்க அவள் எழுந்து நின்றால் சுண்டல் ஆறிவிடும் என்று பெண்கள் கேலி செய்வதுண்டு. கம்மாபுரத்தில் காலை உடைத்துக்கொண்ட கொழுந்தனார், வேலை கிடைக்காத பக்கத்து வீட்டுப் பையன், மாடு செத்துப்போன பால்காரர் என்று யாரையும் விடமாட்டாள். அவள் ஜெபித்தால் கேட்கிறவர்களுக்கு நெஞ்சு நிறையும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் பேத்தி போன நாளிலிருந்து அந்த ஜெபத்தில் ஏதோ குறைந்துவிட்டது. வார்த்தைகள் வந்தன. வார்த்தைக்குப் பின்னால் யாரும் கேட்டுக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆள் இல்லாத வீட்டில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. அதனால்தான் இன்னும் சத்தமாக ஜெபித்தாள், மைக்கில் வரும்படி ஜெபித்தாள். இதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

கனகசபை நகரில் மாடி வீடு. மாலதி மூச்சு வாங்க ஏறிப் போனாள். கதவில் பூட்டுத் தொங்கியது.

கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மாள் தில்லையம்மாள் எட்டிப் பார்த்தாள். தனியாக இருக்கும் பெண்மணி, அறுபதைத் தாண்டியவள்.

"இசை இல்லியேம்மா. விடிஞ்சதும் கெளம்பிடுச்சு. நேத்தே வெள்ளச் சாமந்தி வாங்கி ஈரத்துணி சுத்தி வெச்சிருந்துச்சு. கடலூர் போறேன்னு சொல்லிச்சே, உங்க வூட்டுக்கு வரலியா?"

"எங்க வூட்டுக்குத்தான்" என்றாள் மாலதி சட்டென்று. "நான்தான் சொல்லாம கொள்ளாம வந்துட்டேன்."

வீட்டுக்கு வரவில்லை. சாமந்தியோடு எங்கே போயிருப்பாள் என்று மாலதிக்குத் தெரியாதா? வழியில் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று கடந்திருக்கும். கதை எழுதுகிறவன் செய்த சதி என்று என்னைத் திட்டாதீர்கள். பேசிக்கொள்ளாத குடும்பங்களில் இப்படித்தான் நடக்கும்.

தில்லையம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பொண்ணு எப்படி இருக்கு அக்கா?" மாலதி கேட்டாள். பெற்ற மகளைப் பற்றி அடுத்தவரிடம் விசாரிக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கடைக்குப் போவுது, வருது. கேட்டா சிரிக்கும். வெளக்குப் போடறதில்ல. ஒரு நாளு சாயங்காலம் எறங்கி வந்து என் பக்கத்துல உக்காந்துச்சு. என்னாம்மா வேணும்னேன். 'ஒண்ணும் வேணாம்மா, கொஞ்ச நேரம் இப்படி உக்காந்திருக்கேன், ஒண்ணும் பேசாதீங்க'ன்னுச்சு. சரின்னு நான் பாட்டுக்குக் கீரை ஆஞ்சிகிட்டு இருந்தேன். அதுலேருந்து தெனம் வருது. நானும் பேசறதில்ல."

மாலதிக்குச் சுருக்கென்றது. தன் பக்கத்தில் மகள் அப்படி வந்து உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்திருந்தால் மட்டும் தான் சும்மா இருந்திருப்போமா? ஆறுதல் சொல்லியிருப்பாள், வசனம் சொல்லியிருப்பாள், யோபுவின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லியிருப்பாள்.

அடுத்த பஸ் பிடித்தால் கல்லறைக்குப் போய்விடலாம். தூக்கை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கினாள். அப்புறம் நின்றாள்.

போனால் என்ன நடக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. மகளைக் கண்டதும் ஓடிப் போய்க் கட்டிக்கொள்வாள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பேசுவாள், அழுவாள், அந்த இடத்தையும் தன்னுடையதாக்கிக்கொள்வாள். மகள் திரும்பவும் பையை எடுப்பாள்.

மாலதி பூட்டிய கதவுக்கு முன்னால் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பழக்கத்தில் கை ஜெபமாலையை எடுத்தது. உதடு அசையவில்லை. தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ போயிற்று. எதிர் வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். உலகத்தில் எல்லோருக்கும் ஏதோ வேலை இருந்தது. அவளுக்கு மட்டும், தன்னை வேண்டாமென்ற மகளின் வாசலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இவ்வளவு தனியாக அவள் எப்போதும் இருந்ததில்லை.

"ஆண்டவரே" என்றாள் மெதுவாக. "நான் பேசறது ஜாஸ்தி. உமக்குத் தெரியாததா? அவ எங்க நிக்கிறாளோ அங்க நீர் போயி இரும். நான் வரல. நான் இங்கியே இருக்கேன்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் போனதோ. ஆள் இல்லாத வீட்டில் கூப்பிடுவது போன்ற அந்த உணர்வு, பேச்சை நிறுத்திய பிறகு இல்லை. யாரோ பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது போல இருந்தது. துக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைத் தாங்குவதற்குத் தான் மட்டும் இல்லை என்று பட்டது.

கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய இசைவாணி, வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கோயில் வாசல் வரை போய் நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. நெடுநேரம் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டம் குறையட்டும் என்று உச்சிப் பொழுது தாண்டிய பிறகுதான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது. கையில் பூவோடு, தன் குழந்தை எங்கே படுத்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தாள்.

மருந்துக்கடையில் தினமும் நிற்கிறாள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குக் காய்ச்சல் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, எத்தனை மில்லி என்று பொறுமையாகச் சொல்கிறாள். அந்தக் குழந்தைகள் அழும்போது நெஞ்சு கனத்த நாட்களிலும் சொன்னாள். யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை. ஆனால் ஜெபம் மட்டும் வரவில்லை. தோகாவிலிருந்து ஜெயப்பிரகாஷ் கூப்பிட்டு, "சாமிகிட்ட பேசு, பாரம் கொறையும்" என்றால், "சரி" என்பாள். சாமியிடம் பேச அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

தாத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த அன்பரசு நிமிர்ந்தார். மகளைப் பார்த்ததும் மட்டையைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"பொய் சொல்ற."

அவள் சுற்றிலும் பார்த்தாள். "அம்மா எங்கப்பா?"

"உன்னப் பாக்க சிதம்பரம் போயிருக்கா."

இருவரும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

"பாப்பா எங்கப்பா இருக்கு?"

அவர் முன்னால் நடந்தார். மதில் சுவரோரம் புல் மண்டிக் கிடந்தது. ஒரு சின்ன இடத்தில் மட்டும் புல் இல்லை. மண்ணை மட்டமாக்கி, சுற்றிலும் கிளிஞ்சல் பதித்திருந்தது. யாரோ அடிக்கடி வந்து தண்ணீர் தெளித்துக் கூட்டுகிற இடம் என்று பார்த்தாலே தெரிந்தது.

"காலைல நடக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்கதான் வர்றேன்" என்றார். "உங்கம்மாவுக்குத் தெரியாது."

இசைவாணி மண்டியிட்டாள். பூவை அவிழ்த்து வைத்தாள். சிலுவை போடக் கை நெற்றிக்குப் போயிற்று. அங்கிருந்து நெஞ்சுக்கு வந்ததும், அதற்கு மேல் நகரவில்லை. கையை அப்படியே நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, பேர அம்மா மைக்ல சொன்னதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்லப்பா. கோவம்தான். ஆனா அது இல்ல." மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஒருத்தர்கூட ஒரு ஜெபம் சொல்லாம போச்சே. தெருவுல போற பொணத்தப் பாத்தாக்கூட நின்னு சிலுவ போடுவோம். எம்புள்ளைக்கு ஒரு ஆமென் சொல்ல ஆளு இல்ல. தனியாப் போச்சேப்பா. எங்க போனிச்சோ, யாரு கூட்டிட்டுப் போனாங்களோ."

கேட்கப் பயந்த கேள்வி அதுதான்.

அன்பரசு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், கையை ஊன்றித்தான் உட்கார முடிந்தது.

"தனியாப் போவல" என்றார்.

அவள் திரும்பினாள்.

"வைத்திலிங்கம் ஆட்டோலதான் கொண்டாந்தேன். பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல, அவனே நிறுத்திட்டான். புள்ள மடியில இருக்கு. என்னா பண்றதுன்னு தெரியல. தாலாட்டுப் பாட எனக்குத் தெரியாது. உன்ன வளத்தப்பகூட உங்கம்மாதான் பாடுவா. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது 'அருள் நிறைந்த மரியே' ஒண்ணுதான். ஆஸ்பத்திரியிலேருந்து இந்த எடம் வர்ற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு வந்தேன். திரும்பத் திரும்ப. வாய்விட்டு. வைத்திலிங்கத்துக்கே பாதி பாடமாயிருக்கும்."

வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி இசைவாணி கேட்டதில்லை. பூசை நேரத்திலும் கோயிலுக்குள் வராமல், வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் கை கட்டி நிற்கிற மனிதர்.

"மொகத்தப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"தூங்கற மாதிரி இருந்துச்சு. நெத்தி மாப்பிள்ள மாதிரி அகலம். ஒதடு உங்கம்மா மாதிரி. மேல் ஒதடு தூக்கினாப்புல, எதையோ சொல்லப் போறாப்புல."

இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் இப்படி அழவில்லை. அன்பரசு தடுக்கவில்லை. சுண்ணாம்பு ஒட்டிய கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவள் அழுகை அடங்கிய பிறகு சொன்னார்.

"இன்னொண்ணும் பண்ணிட்டேன்மா. பண்ணக் கூடாதது."

"என்னாப்பா?"

"குழிக்குள்ள எறக்கறதுக்கு முன்னாடி மனசு கேக்கல. வைத்திலிங்கத்துகிட்ட தண்ணி பாட்டில் வாங்குனேன். தலையில ஊத்தி நானே ஞானஸ்நானம் குடுத்துட்டேன்."

இசைவாணி அவர் கையைப் பார்த்தாள்.

"உசிரு இருந்தா யாரு வேணாலும் குடுக்கலாம். உசிரு போனப்புறம் யாரும் குடுக்கக் கூடாது. ஞானோபதேச வகுப்புல படிச்சதுதான், தெரியாம பண்ணல. தெரிஞ்சேதான் பண்ணேன். அதுலேருந்து பூசையில நற்கருணை அப்பம் வாங்கறதில்ல. ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்லவும் போவல."

"ஃபாதர் திட்டுவாருன்னு பயமாப்பா?"

"திட்டுனா வாங்கிக்குவேன்." அவர் குரல் மிகவும் தாழ்ந்தது. "செல்லாதுன்னு சொல்லிட்டாருன்னா என்னா பண்றது? அந்த பயம்தான்."

கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாகத் தூங்காமல் கிடந்திருக்கிறார்கள். ஒருத்தி மைக் வைத்துச் சொன்னாள். இவர் வாயே திறக்கவில்லை.

"ஞானஸ்நானம்னா பேரு சொல்லணுமேப்பா" என்றாள் இசைவாணி. "என்னா பேரு வெச்சீங்க?"

அன்பரசு கிளிஞ்சல் ஒன்றை எடுத்துச் சரியாகப் பதித்தார்.

"நீ மனசுல வெச்சிருந்த பேரு எனக்கு எப்படித் தெரியும்? கையில தண்ணி. என்னா பேருன்னு யோசிக்கறேன், ஒண்ணும் வரல. மடியில பாத்தா நீ பொறந்தப்ப பாத்த மாதிரியே இருந்துச்சு. 'இசைவாணி, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்'னு சொல்லிட்டேன்."

அவள் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். குழந்தையைத் தனியாக அனுப்பிவிட்டோம் என்று அவள் இத்தனை நாள் அழுதாள். அது அவள் பெயரைப் போர்த்திக்கொண்டுதான் போயிருக்கிறது.

"ஏம்ப்பா இத என்கிட்ட சொல்லல?"

"பூசையில வேற பேரு வாசிச்சாங்க. நீ வெச்ச பேரு அது. நான் நடுவுல பூந்து என்னான்னு சொல்றது?"

பொழுது சாய்ந்து கூட்டம் திரும்பவும் சேரத் தொடங்கியது. சாம்பிராணி வாசனை வந்தது. ஃபாதர் வெள்ளை அங்கியில், பின்னால் தீர்த்தச் செம்பை ஒருவர் பிடித்து வர, கல்லறை கல்லறையாக வந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் நின்று பெயர் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்து, தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு நகர்ந்தார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்ததும் கூட்டத்தை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். செடியில் அங்கி மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு வந்தார்.

"இங்க இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலியே" என்றார் அன்பரசுவிடம். அதில் வருத்தம்தான் இருந்தது. பிறகு இசைவாணியிடம் குனிந்து, "பேரச் சொல்லும்மா, ஜெபிப்போம்" என்றார்.

அன்பரசு எழுந்து நின்றார். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னொரு தடவை குழந்தையைச் சொல்லாமல் விட்டதாகும். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

இசைவாணி அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"ஃபாதர், இங்க மட்டும் கடைசியா வர்றீங்களா? எங்கம்மா வரணும்."

ஃபாதர் அவள் முகத்தைப் பார்த்தார். வானத்தையும் பார்த்தார். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"அவுங்க எங்க இருக்காங்க?"

"சிதம்பரத்துல."

"நான் கடைசியா வர்றேன். மழ வந்தாலும் வர்றேன். கேட்டு பூட்டறதுக்குள்ள அவுங்கள வந்துடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார்.

இசைவாணி அப்பாவின் போனை வாங்கினாள். தன் போனை அவள் சிதம்பரத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நீ எதுக்கும்மா" என்றார் அன்பரசு தயங்கியபடி. "நான் பேசறேனே. அவ ஏதாவது கத்துவா."

"கத்தட்டும்ப்பா."

சிதம்பரத்தில், மாடிப்படியில், மாலதியின் மடியில் போன் அடித்தது. வீட்டுக்காரர் பெயர் தெரிந்தது. சாப்பாடு எங்கே இருக்கிறது என்று கேட்பார் என்று நினைத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா."

மாலதி எழுந்து நின்றுவிட்டாள். பஸ்ஸில் கோர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"பூட்டுன வூட்டு வாசல்லயா உக்காந்திருக்க, இவ்ளோ நேரமா?"

"ம்."

போனில், தூரத்தில் யாரோ ஜெபிக்கிற சத்தமும், பலர் சேர்ந்து ஆமென் சொல்கிற சத்தமும் கேட்டன. மாலதி எதுவும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறாய், ஏன் போனை எடுக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"கெளம்பி நேரா கல்லறைக்கு வந்துடும்மா" என்றாள் இசைவாணி. "பாப்பாவுக்கு அப்பா ஒரு பேரு வெச்சிருக்காரு. அதச் சொல்ல அவருக்கு பயம். எனக்கு அழுவ வருது. ஃபாதர்கிட்ட நீதான் சொல்லணும்."